முதுகில் நீலம்

“அம்மா, தம்பி முதுகு ஏன் நீலமா இருக்கு?” என்று மூத்த மகள் கேட்டதும், அம்மா காவல் நிலையத்துக்கு ஓடினாள். குழந்தையை அடித்ததாக, அவனை வளர்த்துவந்த வேலைக்கார ஆயா கைதானாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தது.

“ஒரு வயசுக் குழந்தையை அடிச்சவளுக்கு வக்கீல் வேற. வெக்கமா இல்லையா சார்?” என்றாள் அம்மா, சாட்சிக் கூண்டில் நின்றபடி.

வக்கீல் பதறவில்லை. “முதுகை எப்ப பாத்தீங்க?”

“ஆயா லீவு போட்ட அன்னிக்கு. நானே குளிப்பாட்டினேன்.” குரலில் தியாகம் வழிந்தது.

“அதுக்கு முன்னாடி?”

அம்மா கைப்பையைத் திறந்து, மறுபடி மூடினாள்.

பிரசவம் பார்த்த டாக்டர் சாட்சி சொன்னார்: “அது அடி இல்லீங்க. மச்சம். பிறந்தப்பவே இருந்துச்சு.”

ஆயா விடுதலையானாள். பெற்றவள் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே நழுவினாள்.

ஆளில்லாத வராந்தாவில் வக்கீல் மண்டியிட்டு, ஆயாவின் செருப்பு வாரை மாட்டினார்.

“விடு கண்ணு, நானே போட்டுக்கறேன்.”

“பள்ளிக்கூடம் போறப்ப நான் அப்படிச் சொன்னா நீ விட்டியா, ஆயா?” என்றபடி அடுத்த காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.