அத்தையின் படம்

தங்கையின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றப் போன லிஃப்ட் மெக்கானிக் உரசிய தீக்குச்சி முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. பல மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்கும்போதுகூடப் பிசகாத கை!

மகள் தீப்பெட்டியை வாங்கித் தானே ஏற்றினாள். "அழுகை வந்தா அழுதுடுங்கப்பா."

வன்முறைக்குப் பலியான திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் அவளும் கல்லூரித் தோழர்களும் நடத்தும் நினைவுக் கூட்டம் அது. சின்ன வயதில் அலமாரியில் கிடைத்த படத்தைக் காட்டி, "இந்த அத்தை யாருப்பா?" என்று கேட்டவள் அவள். "திருநங்கைன்னு வெளியூர்ல அடிச்சே கொன்னுட்டாங்கம்மா" என்று அவர் சொன்ன பதில் அவளுக்குள்ளேயே வளர்ந்து, இன்று இந்தக் கூடம்வரை வந்துவிட்டது.

சுடர் அணையக் கூடாதென்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எல்லாப் படத்துக்கும் கீழ இறந்த தேதி இருக்கு. அத்தைக்கு மட்டும் இல்ல. எப்பக் கேட்டாலும் நழுவிடுறீங்க."

"அந்த நாளை நினைக்கவே பிடிக்கலம்மா."

அது பொய்யில்லை. தம்பியாகப் பிறந்தவள், "ஒரே ஒரு தடவை தங்கச்சின்னு கூப்பிடுண்ணே" என்று கெஞ்சினாள். அதற்குக் கன்னத்தில் ஓங்கி அறைந்து, துணிப்பையைத் தெருவில் வீசி, அவர் கதவைச் சாத்திய நாள் அது.

அவளைக் கொன்ற பாவி யாரென்று அவருக்குத்தான் தெரியும். படத்திலிருந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

மகள் மைக்கைக் கையில் திணித்தாள். "ரெண்டு வார்த்தை பேசுங்கப்பா."

"என் தங்கச்சி..." என்றார். அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவ இல்லாமப் போனதுக்கு நான்தான் காரணம்."



கடைசி வரிசையில், கொலையான தோழியின் படத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த திருநங்கை ஒருத்தி எழுந்தாள். படத்தை நாற்காலியில் பத்திரமாக வைத்துவிட்டு முன்னால் நடந்து வந்தாள். அவர் மகள் ஏற்றிய மெழுகுவத்தியை ஒரே ஊதலில் அணைத்தாள்.

"நான் எப்பண்ணே செத்தேன்?"