ஹாலில் மட்டும் அம்மா

மாநில எல்லை தமயந்தியின் வீட்டு நடுவே போகிறது. ஹால் இந்த மாநிலம், படுக்கையறை இரண்டு பெண்களின் கல்யாணத்தை ஏற்காத பக்கத்து மாநிலம். ஹாலில் அவளும் ஷெரினும் தம்பதி. படுக்கையறைக் கதவைத் தாண்டினால் ஷெரின் வீட்டுச் சொந்தக்காரி, தமயந்தி விருந்தாளி. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் சுவரில் இருக்கும் பதிவுப் பெட்டி 'டிங்' என்று உறவை மாற்றிக்கொள்ளும். சண்டை வந்தால் தமயந்தி சோபாவை விட்டு அசைய மாட்டாள்.

"உள்ள வந்தா நான் யாரோதானே? இங்க வந்து பேசு."

ஷெரின் பெற்ற ஆதிரைக்கு ஹாலில் இரண்டு அம்மா, உள்ளே ஒரே அம்மா. அதனால் தொட்டிலை ஹாலில் போட்டார்கள். குழந்தை ஒருநாள் தவழும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நேற்று காலை ஷெரின் குளிக்கப் போயிருந்தபோது பதிவு அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க வீட்டுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துல நாப்பது தடவ அம்மா கணக்கு மாறியிருக்கு. என்னங்க நடக்குது?"

"தவழ ஆரம்பிச்சிட்டா சார். அந்த டிங் சத்தம் அவளுக்குப் புடிச்சுப்போச்சு."

அதற்குள் படுக்கையறையில் ஆதிரை கட்டில் காலில் முட்டிக்கொண்டு வீறிட்டாள். தமயந்தி போனும் கையுமாக ஓடி அவளைத் தூக்கினாள்.

"மேடம், யாரோ விருந்தாளி குழந்தையத் தூக்கியிருக்கறதா காட்டுது. உடனே கீழ விடச் சொல்லுங்க. அம்மாவக் கூப்பிடுங்க."

தமயந்தி குழந்தையின் நெற்றியை ஊதினாள். அழுகை நின்றது.

"ஆங், அம்மா வந்துட்டாங்க போல," என்று அவர் நிம்மதியாகப் போனை வைத்தார்.