வெண்முடிக்கு இரண்டாம் கடிதம்

சாப்பாட்டு மேசையில் ஜன்னலோரம் அமலி அக்கா, எதிரே அத்தான், பக்கத்தில் பேனாவோடு நான். மலையேற மலைகளிடமே அனுமதி கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தபின், எங்கள் முதல் கடிதத்தை வெண்முடி மலை மறுத்துவிட்டது. அக்காவுக்குக் கண்பார்வை பொங்கல்வரைதான் என்கிறார் டாக்டர். அதற்குள் அவள் உச்சியிலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

"காலையில ஏறி சாயங்காலம் இறங்கிடுறோம்னுதானே எழுதினோம்? அதுக்கென்ன கோபம்?" என்றார் அத்தான்.

"உங்க தலைமேல யாராவது ஏறினா சும்மா இருப்பீங்களா?" என்றாள் அக்கா. "பார்க்க வர்றோம்னு எழுதுடி."

புதுத் தாளில் 'உங்களைப் பார்க்க வரலாமா?' என்று எழுதினேன். நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே மேகம் விலகி வெண்முடி முழுசாக நின்றது. நான் ஒட்டிய உறையை அத்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தபால் பெட்டிக்கு நடந்தார்.