குணமானவள்

"மார்பகப் புற்றுநோயை வென்று மாவட்டத்துக்கே பெருமை சேர்த்த வீராங்கனை சின்னத்தாய்!" என்று மைக்கில் முழங்கிப் பொன்னாடை போர்த்தினார் மகளிர் சங்கத் தலைவி. சின்னத்தாய்க்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

முதல் கீமோ ஊசியோடு சிகிச்சையை விட்டுவிட நினைத்த முனீஸ்வரி அருகில் வந்தாள். "எனக்கும் இப்பிடி முடி முளைக்குமாக்கா?"

"என் தலையப் பாரு. ஒழுங்கா அடுத்த ஊசிக்கு வந்து சேரு. தீவாளி சீசனுக்குப் பட்டாசுத் திரி வெட்ட ஆள் வேணும்ல."

வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள் முனீஸ்வரி.

திருத்தங்கல் பஸ்ஸில் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, டோப்பாவைக் கழற்றினாள் சின்னத்தாய். பக்கத்திலிருந்த ஞானஜோதி டீச்சரின் மடியில் வைத்தாள்.

"அடுத்த கூட்டத்துக்கு நீங்கதான் குணமானவுக."

"போன தடவையும் நாந்தானே தாயி. தலைவிக்குத் தெரிஞ்சிராதா?"

"அவுக எங்க நம்ம மூஞ்சியப் பாக்காக? கேமராவத்தான் பாக்காக."

ஒன்றாக ஊசி போட்டுக்கொள்ளும் அவர்கள் குழுவில் இன்னும் ஒருத்திக்கும் சிகிச்சை முடியவில்லை.