உப்புநீர்ப் பந்தின் யோசனை

ஒரு ஸ்கேன் அறையில் பெரிய காந்தமும் ஒரு கணினியும் வேலை பார்த்தன. மூளைக்கு ரத்தம் ஓடுவதைப் பார்த்து ஊகித்தது போதும், மூளை யோசிப்பதையே நேராகப் பிடிக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் மீனலோசனியின் ஆசை. அதற்காகக் காந்தம் மாதக்கணக்கில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது. உள்ளே வந்து படுத்தவர்களின் மூச்சும் இதயத் துடிப்பும்தான் கேட்டன. அதற்கு அலுத்துப்போயிற்று.

"இன்றைக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு," என்றது காந்தம்.

"அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள், அண்ணே. எத்தனை நாள்தான் வெறுங்கையோடு அனுப்புவது?" என்ற கணினி, வந்த இரைச்சலில் கொஞ்சம் கழித்து, கொஞ்சம் கூட்டி, மூளை யோசிப்பதைக் காட்டுவதுபோல, மேடுபோல எழும்பும் அழகான கோடு ஒன்றைத் திரையில் வரைந்தது.

மீனலோசனி சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டாள். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் காந்தம் சும்மா இருந்துவிட்டது.

மறுநாள் அவள் சரிபார்ப்பதற்காக, மனிதத் தலை இருக்கும் இடத்தில் உப்புநீர் நிரப்பிய பிளாஸ்டிக் பந்தை வைத்தாள். மூளையே இல்லாத பந்துக்கும் கணினி பழக்கதோஷத்தில் அதே கோட்டை வரைந்தது.

நேற்று வந்ததும் பொய்க்கோடுதான் என்று மீனலோசனிக்குப் புரிந்துவிட்டது. நேற்றைய கோட்டை அழித்துவிட்டு வெளியே போனாள்.

"நான் நன்றாகத்தானே யோசித்தேன்?" என்று பந்து ஆசையோடு கேட்டது. "அந்த அம்மா ஏன் அழுதுகொண்டே போகிறார்?"

கணினி திரையை அணைத்துக்கொண்டது. பதில் சொல்லும் வேலையும் காந்தத்தின் தலையில்தான் விழுந்தது.