காட்டுவதற்கு வைத்த முட்டை

கர்ப்பிணிகளுக்கான முகாம் நடக்கும் கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. சத்துணவைப் பற்றிப் பேசிப் பேசிக் களைத்த மேடம், உதட்டுச் சாயம் கலையாமல் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடிக்கிறார். “மாசமா இருக்கறவங்க தினம் ஒரு முட்டை சாப்பிடணும். சோம்பேறித்தனம் பண்ணக் கூடாது.” எங்கள் வீட்டுக்கு முட்டை வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று இன்றுதான் தெரிகிறது. பிறகு படம் எடுக்கிறார்கள். அத்தனை கர்ப்பிணிகளுக்கும் ஒரே தட்டு. அதில் அவித்து உரித்த ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், வாடிய கீரை. ஒவ்வொருத்தியும் தட்டை நெஞ்சோடு பிடிக்கிறாள், “சிரிங்கம்மா” என்றதும் சிரிக்கிறாள், அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். தட்டு கை மாறி மாறி முட்டை பழுப்பேறிவிட்டது. இப்போது என் அக்காவின் முறை. அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்த நர்சம்மா, ரத்தமே இல்லை என்று சற்று முன்புதான் உச்சுக் கொட்டினார். காலையில் குடித்த கஞ்சித் தண்ணீரோடு நிற்கிற அக்கா கேமராவைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கிறாள். முட்டையை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொள்கிறாள். படமெடுப்பவர் கேமராவை இறக்கிவிடுகிறார்.

“என்னம்மா இது, அது காட்டுறதுக்கு வச்சது” என்கிறார் மேடம்.

அக்கா நிதானமாக மென்று விழுங்குகிறாள். “நீங்கதானே மேடம் சாப்பிடச் சொன்னீங்க?”

மேடம் படமெடுப்பவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். “முட்டை போனா போகுது, பழத்தை நடுவுல வச்சு எடுங்க” என்கிறார். தட்டு இன்னும் அக்காவின் கையில்தான் இருக்கிறது. அவள் பழத்தை உரிக்கத் தொடங்குகிறாள்.