கடைசி வாரத்து அத்தியாயம்

கல்யாணமான புதிதில், ஒற்றை அறைக் குடித்தனத்தில், ஒரு பெண்ணின் பெயரில் அவர் எழுதிய காதல் தொடர்கதை இன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. தான் எழுதியது என்று மனைவியிடம் இதுவரை அவர் மூச்சு விட்டதில்லை.

“அந்தக் காலத்துல இந்தம்மா கதைன்னா உயிரை விடுவேன்,” என்றாள் அவள், அட்டையைத் தடவியபடி.

“முடிவுதான் சொதப்பல். அவசர அவசரமா கல்யாணம் பண்ணி வச்சிட்டாங்க,” என்றார்.

கடைசி அத்தியாயத்தை அவர் எழுதவில்லை. அந்த வாரம் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார். பத்திரிகை ஆசிரியரே எழுதி முடித்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தார்.

மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“சொல்லுவீங்க! ஒரு கையால உங்க நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டே எழுதினா, வேற எப்படி வரும்?”